பத்துக்கு எத்தனை

அசையக் கூடாது என்று சொன்னார்கள். சொன்னது தலையை, அதை அசைக்க வழியும் இல்லை. காலையில் மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றியில் இரண்டும் பின்மண்டையில் இரண்டுமாகத் திருகாணி முடுக்கி ஓர் உலோக வளையத்தை மாட்டி, அந்த வளையத்தை இப்போது மேசையோடு சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாரப்பனின் வலது கை, நேற்று ராத்திரியோடு மாத்திரை நிறுத்தப்பட்ட தைரியத்தில், பச்சைத் துணிக்கு அடியில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் எள்ளுருண்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தன. ஐந்தாறு வருசமாகப் பிடிக்கிறது, இன்னும் உருண்டை முடிந்தபாடில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது இப்படித்தான் செய்வார்கள். கயிற்றைக் காலில் கோத்து ஒரு சுண்டு சுண்டினால் அத்தனை பெரிய உருப்படியும் தொப்பென்று விழும், ஒருவன் கழுத்தில் முட்டி போட்டு அமுக்கிக்கொள்வான். அந்த ஒருவனாக மாரப்பன் எத்தனையோ தடவை இருந்திருக்கிறார். மாட்டின் கண் வெள்ளை தெரியப் புரளும், மூக்கிலிருந்து சுடுகாற்று வரும், அவர் அதன் காதோரம் வாயை வைத்து ஒன்னுமில்லடா ஒன்னுமில்லடா என்பார். சற்று முன் ஒரு நர்சு அவர் காதோரம் குனிந்து "ஒன்னுமில்லைங்கய்யா, ஒன்னுமில்லை" என்றபோதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் எப்போதும் மேலே இருக்கிறார்கள். மாடு அதை ஒருநாளும் நம்பியிருக்காது. பாவம், பதில் சொல்லத் தெரியாததால் நம்பியதாக எடுத்துக்கொண்டோம்.

துளை போட்டாகிவிட்டது. அது முடிந்துபோன பயம், ஆனால் முடிந்த பயம் எங்கேயும் போய்விடுவதில்லை, ஓரமாக உட்கார்ந்து புதிதாக வருகிறவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. வலிக்காது, சத்தம்தான் கேட்கும் என்றார்கள். சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரி தன் கடைவாய்க்குள் நிற்பதைப் போல. எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வரும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு அந்த நேரத்திலும் வந்தது. பிறகு சத்தம் நின்று, தலைக்குப் பின்னால் இருந்த டாக்டர் குருமூர்த்தி, "மெயின் வேலை முடிஞ்சுதுங்க, இனி உள்ள போறது உங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றார். அவர்தான் கத்தி பிடிக்கிறவர். மாரப்பன் அவரை முகமாக அறிந்திருந்தது ஒரு கால்மணி நேரம், குரலாகத்தான் இனி ஆயுசு முழுக்க அறிவார் போலிருந்தது. மூளைக்கு வலி தெரியாது என்று அந்தக் குரல் முன்பே விளக்கியிருந்தது. ஊரெல்லாம் வலிக்கும் இடத்தைச் சொல்லும் மூளைக்குத் தன்னைக் குத்தினால் தெரியாது. இதை யார் கண்டுபிடித்தது? அதுவும் ஒரு மூளைதானே. வலிக்கவில்லை என்று அதுவே அதைப் பற்றிச் சாட்சி சொல்கிறது, நாமும் தலையாட்டுகிறோம். இப்போது தலையாட்டவும் முடியாது. உள்ளே கம்பி இறங்கிக்கொண்டிருக்கிறது, முடியைவிடக் கொஞ்சம் தடிமனான கம்பி, தன் தகப்பன் முகம் இருக்கிற இடத்தையோ அந்தியூர்ப் பாதை இருக்கிற இடத்தையோ உரசிக்கொண்டு. எதையாவது சீவிவிட்டால்? சீவிவிட்டது என்பதுகூடத் தெரியாதே. அவர் அவசரமாகத் தகப்பன் முகத்தை நினைத்துப் பார்த்தார். இருந்தது. மனைவி பாவாத்தாள் பெயர் இருந்தது. மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல், அதில் ஒரு கால் கோணலாக இருந்தது, கோணலும் அப்படியே இருந்தது. களவு போனதா என்று வீடு முழுக்க விளக்கைப் போட்டுப் பார்க்கிறவன் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்க்காமல் விட்ட அறையில்தான் திருடன் நிற்பான் என்று தோன்றியதும் வேர்த்துவிட்டது.

இத்தனைக்கும் அவராகக் கேட்டு வந்தது இது. தரகுத் தொழில் அவருடையது, மாட்டுத் தரகு. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, விரல் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு. ஒன்று என்பது எத்தனை என்று கேட்கிறவனுக்குச் சந்தையில் வேலை இல்லை, மாட்டைப் பார்த்தாலே தெரிய வேண்டும். அந்த நேரத்தில் முகம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மழை வருமா என்று யோசிக்கிற முகமாக. துண்டுக்கு அடியில் கொள்ளை லாபம் வந்தாலும் முகம் மழையைத்தான் யோசிக்கும். தன் மனசில் உள்ள விலையை முதலில் காட்டுகிறவன் தோற்றான். விரல் ஒன்று சொல்லிவிட்டால் அப்புறம் வாய் அதை மாற்ற முடியாது. மற்றபடி எவ்வளவு பொய்யும் சொல்லலாம். மாட்டின் குற்றத்தை மட்டும், உதைக்கிற பழக்கம், ஒரு கண் மங்கல், கெட்ட சுழி, இதையெல்லாம் மட்டும் துண்டை எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்தவன் மறு சந்தைக்கு வர முடியாது. மாரப்பன் முப்பது வருசம் வந்தவர். போன கண்ணபுரம் சந்தையில் தாராபுரத்துக்காரர் ஒருவரோடு துண்டு போட்டபோது, மாரப்பன் மூன்று விரலைப் பிடித்து நிறுத்தியிருந்தார், அவருடைய நாலாவது விரல் தானாகத் துடித்து எதிராளியின் உள்ளங்கையைத் தொட்டுவிட்டது. விலை ஏறிவிட்டது. நடுங்கிவிட்டது என்று வாயால் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் நாளைக்கு நடுங்கிவிட்டது என்பானே. அவர் சொல்லவில்லை, அந்த நஷ்டத்தை விழுங்கிவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார். யாரும் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்கள், "உக்காருங்கண்ணா" என்று நாற்காலி போட்டார்கள், பேரன் பேத்தியை விசாரித்தார்கள். துண்டை மட்டும் வேறு ஆளிடம் கொண்டுபோனார்கள். மரியாதை இவ்வளவு கூடிப்போனால் தொழில் போய்விட்டது என்று அர்த்தம். கையைத் திருப்பி வாங்கத்தான் தலையைக் கொடுத்தார்.

"இது எப்படீங்க வேலை செய்யுது?" என்று அவர் போன மாசமே கேட்டார். கேட்டது டாக்டர் ரெஹானாவிடம், நரம்பு டாக்டர், அவர் மகளைவிட இரண்டு வயசு கூட இருப்பாள். இந்த இரண்டு டாக்டர்களில் நம்பலாம் என்று அவர் முடிவு செய்திருந்தது இவளைத்தான், காரணம் இவள் பதில் சொல்லுமுன் யோசித்தாள். தட்டைப்பயறு அளவுக்கு ஓர் இடம் மூளையின் அடியில் இருக்கிறது என்றாள், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. அங்கே இருக்கிற செல்கள் சந்தை மாதிரி, ஆளாளுக்கு அவரவர் பேச்சைப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இந்த நோவு வந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் ஒரே சொல்லைக் கத்த ஆரம்பிக்கும். கோரஸாகக் கத்துகிற சந்தையில் வியாபாரம் நடக்குமா? கைக்குப் போக வேண்டிய சேதி போகாது. அந்தப் பயறுக்குள் ஒரு கம்பியை வைத்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரியை வைத்து, நொடிக்கு நூறுக்கும் மேலே சின்னச் சின்னதாகக் கரண்ட் விட்டால் அந்தக் கத்தல் கலைந்துபோகும். "எப்படிக் கலையுது?" "அது..." என்று அவள் யோசித்தாள். "அது இன்னும் முழுசாத் தெரியலைங்கய்யா. செல்லை அடக்குதுன்னு ஒரு கட்சி, தப்பான தாளத்தை இந்தத் தாளம் மூடிடுதுன்னு ஒரு கட்சி. ஆனா வேலை செய்யும்." பல்லைக் காட்டாத மாட்டை வாங்கச் சொல்கிறாள் என்று அவர் அப்போது நினைத்தார். பல் பார்க்காமல் வயசு தெரியுமா, வயசு தெரியாமல் விலை பேசலாமா. ஆனால் தெரியவில்லை என்று சொன்ன தரகனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை, அதனால் சரி என்றுவிட்டார். இப்போது மல்லாந்து கிடக்கும்போது அந்தத் தெரியவில்லை மட்டும் தனியாகப் பெரிதாக நின்றது. கூடவே அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஸ்கேன் ஓரளவுக்குத்தான் இடம் காட்டும். சரியான இடமா என்று கடைசியில் சொல்ல வேண்டியது நீங்கள். அதனால்தான் மயக்கம் கொடுக்காமல் செய்கிறோம். "நீங்க சொல்றதை வெச்சுத்தான் கம்பியை நிறுத்துவோம். நிறுத்தினா அப்புறம் அது அங்கதான், ஆயுசுக்கும். எது தோணினாலும் மறைக்காமச் சொல்லணும், சரிங்களா?" சரி என்று அவர் சொல்லும்போது முகம் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அது பழக்கம்.

திடீரென்று அறையில் சத்தம். ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, பிறகு கூரையே இல்லாமல் கொட்டுகிற மாதிரி. "என்னங்க அது?" என்றார் மாரப்பன், வாய் உலர்ந்திருந்தது. "உங்க மூளைதாங்க" என்றார் குருமூர்த்தி பின்னாலிருந்து, சந்தோஷமாக. "செல் பேசறதை ஸ்பீக்கர்ல போட்டிருக்கோம். நல்ல இடத்துக்கு வந்துட்டோம், கேளுங்க." கேட்டார். சடசடவென்று, விட்டுவிட்டு, ஒரே தாளத்தில். ரெஹானா சொன்ன கோரஸ். இத்தனை வருசம் இதுவா உள்ளே கத்திக்கொண்டிருந்தது, அவர் தூங்கும்போதும், பேரனைத் தூக்கப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோதும்? தன் எலும்பைப் பார்த்தவன் உண்டு, ரத்தத்தைப் பார்த்தவன் உண்டு. தான் நினைப்பதை ஸ்பீக்கரில் கேட்டவன்? இந்தப் பயமும் அதில் கேட்குமா? மற்றவர்களுக்கும் கேட்குமா? அவர் உடனே வேறு எதையாவது நினைக்கப் பார்த்தார், கேட்கிறவர்களுக்கு முன்னால் கண்ணியமான ஏதோ ஒன்றை, கந்த சஷ்டிக்குப் போனதை. சத்தம் ஒரு துளியும் மாறவில்லை. பக்திக்கும் பயத்துக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் இல்லை போலிருக்கிறது. பாவாத்தாள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாள். காலையில் தள்ளுவண்டியில் கொண்டுவரும்போது அவள் கூடவே நடந்து வந்தாள். "ஓட்டை போடறதுக்கு முன்னால உள்ள ஏதாச்சும் இருக்குதான்னு நல்லாப் பாத்துட்டாங்களா?" என்றாள். "ஸ்கேன்ல பாத்துட்டாங்க, இருக்குதாமா" என்றார் அவர். "இருக்குதுன்னு அவிய சொன்னதை நீங்க நம்பிட்டீங்களாக்கு." வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கை வெளுத்திருந்தது. "பயமா இருக்குதுங்களா?" "எனக்கென்ன பயம்." "ஆமா, கரப்பான் பூச்சிக்கு என்னைய எழுப்பற ஆளு." கதவு வரை வந்தாள். கதவுக்கு உள்ளே விடவில்லை. அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள், சர்க்கரை உடம்பு, சாப்பிடாமல் மாத்திரை போட்டால் மயங்கி விழுவாள், வராந்தாவில் யார் இருக்கிறார்கள், மகள் வர மத்தியானமாகும். இந்த நினைப்பு வயிற்றில் ஒரு முடிச்சாக விழுந்தது, வழக்கமாக விழுகிற இடத்தில்.

துணிக்கு அடியில் ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது. மாரப்பனுக்குத் தூக்கிப்போட்டது. ரெஹானாவின் கைதான், கையுறை போட்ட கை. விறைப்பு எவ்வளவு என்று பார்க்க மணிக்கட்டை வளைத்தும் நிமிர்த்தியும் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு மூட்டு. அவருக்கு அது துணி, துணிக்கு அடியில் கை. ஒரு வருசமாக எந்தக் கையும் வராத இடத்துக்கு ஒரு கை வந்திருக்கிறது, மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மூன்றா? மூன்று குறைவு. அவர் கண் தானாகக் கூரையைப் பார்த்தது, அங்கே ஆகாயத்துக்குப் பதில் ஒரு பெரிய விளக்கு. "இப்ப கரண்ட் குடுக்கறோம்யா. மாசத்தை வரிசையாச் சொல்லிக்கிட்டே இருங்க." "சித்திரை," என்றார், "வைகாசி." ஆனி சொல்லும்போது கை நின்றது. நின்றது என்றால், மெல்லக் குறைந்து அல்ல. கத்திக்கொண்டிருந்த குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்ட மாதிரி. கையுறை போட்ட கைக்குள் அவருடைய ஐந்து விரல்களும் பெட்டியில் வைத்த வெற்றிலை போல அடங்கிக் கிடந்தன. "எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?" என்றாள். பத்து என்று சொல்ல வாய் திறந்தது. முப்பது வருசம் அதைப் பிடித்து நிறுத்தியது. முதலில் சொல்கிறவன் தோற்றான். இதைவிட நல்லதாக உள்ளே வைத்திருப்பார்கள், எடுத்ததும் காட்டுவார்களா? "ஒரு நாலு இருக்குமுங்க" என்றார், முகத்தில் மழை. "நாலுதானா?" என்றாள், நம்பாமல். "கை நின்னுடுச்சே!" "நின்னுது. இன்னும் கொஞ்சம்..." என்று இழுத்தார். குருமூர்த்தி கரண்டைக் கூட்டச் சொன்னார், ஒரு பொத்தான் சத்தம். ஆவணி என்றபோது நாக்கு தடித்தது. புரட்டாசி புரட்டாதியாக விழுந்தது. வாயின் வலது ஓரத்தை யாரோ தூண்டில் போட்டு இழுத்தார்கள். "முகம் இழுக்குது சார்" என்றாள் அவள் உடனே. "உங்களுக்குத் தெரியுதாய்யா? ஏன் சொல்லலை?" "கொஞ்சம்தானுங்க" என்றார். குரல் சாராயம் குடித்தவன் குரலாக வந்தது. ஆயுசுக்கும் இப்படி. கை நிற்கும், வாய் கோணும். கோணின வாயோடு ஒரு தரகன், யாரோ நாற்காலி போடுவான். அந்தப் பயம் வந்து தொட்ட இடம் சில்லிட்டது. நான் பொய் சொன்னால் இவர்கள் நம்பிவிடுவார்கள் என்பது இவ்வளவு நேரம் ஒரு வசதியாகத் தெரிந்தது. இப்போது பார்த்தால் தான் உட்கார்ந்திருக்கும் கிளைக்குத் தானே விலை பேசிக்கொண்டிருக்கிறார். துண்டுக்கு மறுபக்கம் ஆளே இல்லை. இரண்டு கையும் தன்னுடையது.

"வேற இடம் பாக்கலாம், இன்னும் கொஞ்சம் கீழ" என்றது பின்னாலிருந்த குரல். கம்பி இறங்குவது தெரியவில்லை. பொத்தான் சத்தம். சித்திரை, வைகாசி. கை நின்றது, முன்னைவிட நன்றாக. நாக்கு இலேசாக இருந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, சுத்தமாக வந்தன. முகம் இழுக்கவில்லை. "ரொம்ப நல்லாருக்கு" என்றாள் ரெஹானா, அவரிடம் அல்ல, தனக்கு. மணிக்கட்டை வளைத்தாள், எண்ணெய் போட்ட கதவு. அறை எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று மாரப்பன் அப்போதுதான் கவனித்தார். விளக்கின் விளிம்பில் ஒரு கீறல். அழகான கீறல். வயிற்று முடிச்சைத் தேடினார், அது அவிழ்ந்திருந்தது. மண்டையில் ஒரு ஓட்டை இருக்கிறது, சரி, இருக்கட்டும். கம்பி எதையாவது சீவியிருக்கலாம், சீவினால் என்ன, நிறைய இருக்கிறது. சிரிப்பு வந்தது, சின்னதாக, ஏப்பம் மாதிரி. இதுவல்லவா சரக்கு. கை நின்றதோடு இதையும் சேர்த்துத் தருகிறார்கள், இதற்கு அவர்கள் விலையே சொல்லவில்லை, ஒருவேளை அவர்களுக்கே தெரியாது. எதிராளிக்குத் தெரியாமல் கூட வருகிற லாபத்தைப் பற்றி வாய் திறக்கிறவன் தரகனா? பேசாமல் இரு மாரப்பா. அவர் பேசாமல் இருந்தார். பயமில்லாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று அறுபது வருசத்தில் தெரிந்ததில்லை. நாய்க்குப் பயம், இருட்டுக்குப் பயம், போலீஸ்காரருக்கு, போனில் நேரம் கெட்ட நேரத்தில் வருகிற அழைப்புக்கு, கரப்பானுக்கு. எல்லாம் ஒரே சந்தையில் ஒட்டுமொத்தமாக விற்றுத் தீர்ந்துவிட்டன. லேசாக, காலியாக, கொட்டாய் மாதிரி இருந்தது. அந்தக் காலியில் உலாவி ரசிக்கலாம் என்று பாவாத்தாளை நினைத்தார். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட்டிருக்க மாட்டாள். அவர் மனசு அவளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தது. பல் விழ ஆரம்பித்த வயசு. பின்னங்கால் தளர்ந்திருக்கிறது. சர்க்கரை வேறு. இன்னும் ஐந்தாறு வருசம் உழைக்கும், அப்புறம் தீனிச் செலவுதான்.

அவர் அந்த நினைப்பைப் பார்த்தார். கோபமோ கூச்சமோ வரவில்லை. சரியான மதிப்பீடு, தொழில்காரன் போட்ட மதிப்பீடு, ஒரு பைசா குறைக்க முடியாது. மறுபடி நினைத்துப் பார்த்தார்: அவள் மயங்கி விழுகிறாள், தலை தரையில் மோதுகிறது. விழுந்தாள். மோதியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. முடிச்சு விழுகிற இடத்தில் எதுவும் விழவில்லை, கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி அவர் காத்திருந்தார். பேரனை நினைத்தார். பேரன் ரோட்டில் ஓடுகிறான், லாரி வருகிறது. லாரி என்ன நிறம் என்று யோசித்தார். இது நல்லதில்லை என்று எங்கேயோ ஒரு மூலையில் தெரிந்தது. தெரிந்தது மட்டும்தான், பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி, அவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. பயம் வர வேண்டிய இடம் இது என்று அறிவு சொல்கிறது, பயம் இல்லாததால் அறிவு சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. இப்படியே பூட்டிவிட்டால், தப்பாகிவிட்டது என்று வருத்தப்படக்கூட உள்ளே யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள். சந்தோஷமாக எழுந்து, கை நடுங்காமல், வீட்டுக்குப் போய், அவளைப் பல் பார்த்துக்கொண்டே காலம் தள்ளலாம். நல்ல வாழ்க்கை. அவளுக்கு மட்டும் தெரியும். கரப்பானுக்கு இவர் எழுப்ப மாட்டார், ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி, மூன்றாம் ராத்திரி அவளுக்குத் தெரிந்துவிடும், வேறு ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று. "என்னங்கய்யா, இது எப்படி? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டாள் ரெஹானா. அவள் குரலில் பத்து ஏற்கெனவே இருந்தது. பின்னால் குருமூர்த்தி, "அருமையான இடம், நாக்கும் நல்லாருக்கு, பிக்ஸ் பண்ணிடலாமா?" என்றார். சரி என்று ஒரு சொல் போதும். துண்டை எடுத்துவிடுவார்கள். சொல்லச் சொல்லி மனசு உந்தவில்லை, வேண்டாம் என்றும் உந்தவில்லை. உந்துகிறவன் ஊரிலேயே இல்லை. கடைசியில் பேசியது மனசே இல்லை, பழக்கம். கல்யாண வீட்டில் பசியில்லாவிட்டாலும் கை இலையைத் துடைக்குமே, அந்த மாதிரி வெறும் பழக்கம். துண்டை எடுக்கும் முன் சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு.

"அம்மணி," என்றார், "இதுல ஒரு குத்தம் இருக்குதுங்க." ரெஹானா குனிந்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண். "என்ன குத்தம்? வலிக்குதா? ரெண்டு ரெண்டாத் தெரியுதா?" "இல்லீங்க. பயம் போயிருச்சு." "அது நல்லதுதானேங்கய்யா?" என்று பின்னால் குருமூர்த்தி சிரித்தார், "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க." மாரப்பனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்க வேண்டியிருந்தது, இந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "நல்லதில்லீங்க சார். வீட்டுக்காரி வெளிய உக்காந்திருக்கறா. அவ செத்தாலும் பரவால்லைன்னு இருக்குதுங்க. அப்படிச் சொல்றனே, அதுக்குக்கூட ஒன்னும் தோணலை. சிரிப்புத்தான் வருது. பாருங்க, நடுங்குதா? நடுங்கலை. அழகா நிக்குது. நானே வாங்கிக்குவேன். ஆனா துண்டை எடுக்கறதுக்கு முன்னால குத்தத்தைச் சொல்லோணுமில்லீங்க?" ஸ்பீக்கர் எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. "சார், கீழ போயிட்டோம்" என்றாள் ரெஹானா தணிந்த குரலில். "அடிப்பக்கம் வேற வேலை பாக்கற பகுதி, அங்க கரண்ட் கசியுது. மேல வாங்க." பிறகு அவரிடம், மெதுவாக, "இப்ப நிறுத்தறோம். கை மறுபடி ஆடும், பதறாதீங்க" என்றாள். பதற முடிந்தால் நன்றாக இருக்கும் என்று மாரப்பன் நினைத்தார், அமைதியாக, ஊர்ப்பயணம் போனவனுக்குக் காத்திருக்கிற மாதிரி.

பொத்தான் சத்தம். முதலில் கை வந்தது, உருண்டை பிடிக்க. வேறு எதுவும் வரவில்லை. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. போனது போனதுதானோ என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் அடியில் ஒரு சில்லிப்பு இருந்தது. அந்தச் சில்லிப்பை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அணை திறந்த மாதிரி வந்தது. தலையில் ஓட்டை இருக்கிறது. என் தலையில். உள்ளே கம்பி. நான் என்ன சொன்னேன் அவளைப் பற்றி, அந்தப் பெண்ணுக்கு முன்னால், செத்தாலும் என்று, அய்யோ, சாமி, வாய் எப்படி வந்தது. அவள் சாப்பிட்டாளோ என்னவோ. வராந்தாவில் யாராவது அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்களா? கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் காதை நோக்கி நீர் இறங்கியது, துடைக்கத் தலையைத் திருப்பப் பார்த்தார், தலை பூட்டியிருந்தது. "மேல ஏத்தியாச்சு, குடுக்கறோம், மாசம் சொல்லுங்க" என்றாள் ரெஹானா. "அது இருக்கட்டுமுங்க, வெளிய பாவாத்தாள்னு ஒருத்தி, சாப்பிட்டாளான்னு யாரையாச்சும் கேக்கச் சொல்லுங்க" என்றார் அவர். "கேக்கச் சொல்றேன். நீங்க மாசத்தைச் சொல்லுங்க." சித்திரை, வைகாசி. ஆனி, ஆடி. கை தணிந்தது, முழுசாக நிற்கவில்லை, சுண்டுவிரல் ஓரத்தில் இலேசான ஒரு துடிப்பு மிச்சம் இருந்தது, தூங்குகிற நாயின் காது மாதிரி. ஆவணி, புரட்டாசி. பயம் போகவில்லை. அது நெஞ்சிலும் வயிற்றிலும் கால் பெருவிரல் வரைக்கும் நிரம்பி நின்றது, ஒரு இண்டு இடுக்கு விடாமல். "கை பத்துக்கு எத்தனை?" என்றாள். "எட்டுங்க" என்றார். யோசிக்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். "பயம்?" "பத்துங்கம்மணி. பத்துக்குப் பத்து. பெரிய பயமா இருக்குது." ரெஹானா நிமிர்ந்து அவர் தலைக்கு மேலாகப் பார்த்தாள். "நல்லது சார்" என்றாள். "இங்கயே நிறுத்திக்கலாம்."